மழை நாளில் மலைப்பாதை: ஃபோர் வீல் வண்டி மக்கர் செய்தால் அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்வது

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டதும் எங்கள் கிளப் வண்டிகள் வத்தலக்குண்டு தாண்டிக் கீழ்ப்பழனி மலைக்கு ஏறும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்கள் அனுமதி கொடுத்த பாதைகளில் மட்டும்தான் ஓட்டுவோம். வனத்துறைப் பாதையில் அனுமதி இல்லாமல் சக்கரம் வைப்பதில்லை. காலையில் ஏறி இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்பது கணக்கு. அந்தக் கணக்கைக் கெடுப்பது ஒவ்வொரு முறையும் அதே பத்துப் பதினோரு கோளாறுகள்தான். புதிதாக வருகிறவர்களுக்கு ஒவ்வொன்றையும் மழையில் நின்று கத்திச் சொல்வதற்குப் பதில் இப்படி எழுதி வைத்துவிட்டேன்.

உங்கள் வண்டி என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் இருக்கும், செலவு பிடிக்கிற காரணம் கடைசியில். வரிசையைத் தாண்டாதீர்கள்.

ஏற்றத்தில் பின்னால் வழுக்குவதைத் தவிர, எந்தக் கோளாறானாலும் முதல் வேலை ஒன்றுதான்: ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, இறங்கி, சரிவுப் பக்கச் சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். தோட்டத்து ஜீப் ஓட்டும் அண்ணன் ஒருவர் எனக்கு முதன்முதலில் சொன்னதும் இதுதான். “தம்பி, மிதிக்கிறத மொதல்ல நிறுத்துங்க. எறங்கிப் பாத்துட்டு அப்புறம் மிதிக்கலாம்.” முப்பது வருடமாக அதே பாதையில் காப்பி மூட்டை ஏற்றி இறக்குகிறவர். அவர் வண்டி சேற்றில் கிடந்து நான் பார்த்ததில்லை.

## அறிகுறி 1: சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை

ஒருவரை வண்டிக்குப் பக்கவாட்டில், சேறு தெறிக்காத தூரத்தில் நிற்கச் சொல்லுங்கள். ஃபோர் லோவில் (நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக விசையோடு இழுக்கும் நிலை) முதல் கியர் போட்டு, கிளட்சை மெதுவாக விட்டு, இரண்டு விநாடி மட்டும் சக்கரத்தைச் சுற்ற விடுங்கள். எந்தெந்தச் சக்கரம் சுற்றியது என்று அவர் சொல்லட்டும். அவர் சொல்கிற பதிலைப் பொறுத்து வழி பிரியும்.

### முன் சக்கரம் இரண்டுமே சுற்றவில்லை

ஃபோர் வீல் விழவில்லை. சேற்றில் மாட்டிக்கொண்டதாக நினைத்து நாங்கள் கயிறு எடுத்த பல வண்டிகள் உண்மையில் வெறும் பின் சக்கர வண்டியாகத்தான் நின்றிருந்தன.

ஃபோர் வீல் போடும் லிவர் முழுதாக விழாமல் பாதியில் நிற்கலாம். கிளட்சை மிதித்து, மெயின் கியரை நியூட்ரலில் வைத்து, லிவரை டூ ஹைக்கு (பின் சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) கொண்டுபோய் மறுபடி அழுத்திப் போடுங்கள். டாஷ்போர்டில் ஃபோர் வீல் விளக்கு எரிவதை மட்டும் நம்ப வேண்டாம். அது லிவரின் சுவிட்சைச் சொல்கிறதே தவிர, சக்கரம் வரை விசை போனதா என்று சொல்வதில்லை.

அடுத்தது ஹப். பழைய ஜிப்சி, பழைய ஜீப் வகைகளில் முன் சக்கரத்தின் நடுவில், சக்கரத்தை ஆக்சிலோடு இணைக்கவும் பிரிக்கவும் கையால் திருகும் ஹப் இருக்கும். இரண்டு பக்கமும் ‘லாக்’ நிலையில் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் ‘ஃப்ரீ’யில் இருந்தாலும் முன் ஆக்சில் வேலை செய்யாது. இந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் மலை ஏறும் முன் தார் ரோட்டிலேயே ஹப்பை லாக் செய்துவிடுவது நல்லது. லிவர் டூ ஹையில் இருக்கும்வரை அதனால் கெடுதல் இல்லை. சேற்றுக்குள் இறங்கியபின் ஹப்பைத் தேடிக் கைவிட்டால் முழங்கை வரை போய்விடும்.

சில வண்டிகளில் ஹப்பை லாக் செய்வது வேக்குவம். சக்கரத்தின் பின்புறம் போகும் சிறிய ரப்பர் குழாயைத் தடவிப் பாருங்கள். குச்சி இழுத்துக் கழன்றிருந்தால் மாட்டினால் போதும், கிழிந்திருந்தால் கிழிந்த இடத்தை வெட்டிவிட்டு மறுபடி சொருகலாம். பட்டனைத் திருகி ஃபோர் வீல் போடும் வண்டி என்றால் ஃபியூஸைப் பாருங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் முன் சக்கரம் சுற்றவில்லையா? முன் சக்கரத்துக்கு விசையைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் உள்ளே ஃபோர்க்கோ செயினோ போயிருக்கலாம், முன் ஆக்சில் ஷாஃப்ட் முறிந்திருக்கலாம். அது காட்டில் திறக்கிற வேலை இல்லை. இன்னொரு வண்டியால் இழுத்து மேட்டுக்குக் கொண்டுவந்து, பின் சக்கர இயக்கத்தில் வந்த வழியே திரும்புங்கள்.

### முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று சுற்றுகிறது

நான்கு சக்கர இயக்கம் சரியாகவே இருக்கிறது. பள்ளத்தில் மூலைக்கு மூலை இரண்டு சக்கரம் அந்தரத்தில் நிற்பதால் விசை எல்லாம் அவற்றுக்குப் போய்விடுகிறது. ஃபோர்ஸ் கூர்க்கா மாதிரி முன்னும் பின்னும் டிஃபரன்ஷியல் லாக் (ஒரே ஆக்சிலின் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துச் சுற்ற வைக்கும் பூட்டு) உள்ள வண்டி என்றால் லாக்கைப் போட்டு வண்டியை மெதுவாக எடுங்கள். மேலே வந்ததும் லாக்கை மறக்காமல் எடுத்துவிட வேண்டும்.

லாக் இல்லாத வண்டிக்கு, சுற்றுகிற சக்கரத்தின் அடியில் தட்டைக் கல் அடுக்குவதுதான் வழி. உருண்டைக் கல் வேண்டாம், அது துப்பாக்கிக் குண்டு மாதிரி பின்னால் பறக்கும். பிரேக் மூலம் சக்கரத்தைப் பிடித்து மறுபக்கம் விசை அனுப்பும் புதிய வண்டிகளில், சக்கரம் சுற்ற ஆரம்பித்ததும் நாம் பயந்து காலை எடுத்துவிடுகிறோம். எடுக்காமல் ஒரே அளவில் நிதானமாக மிதித்துக்கொண்டிருங்கள், டக் டக் என்ற சத்தத்தோடு பிடிக்கும். அதற்கு மாறாக, மிதிக்க மிதிக்க எஞ்சின் தானாக அடங்கினால், சக்கரம் வழுக்கும்போது விசையைக் குறைக்கும் இஎஸ்பி குறுக்கே நிற்கிறது. அந்தப் பட்டனை அணைத்துவிட்டு முயலுங்கள்.

### நான்கு சக்கரமும் சுற்றுகிறது

டயரின் பள்ளங்களில் செம்மண் களி நிரம்பி, டயர் வழுவழு என்று உருளையாகிவிட்டது. காற்றை இறக்குங்கள். தார் ரோட்டில் 30 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும் காற்றைச் சேற்றுக்கு 18 முதல் 20 வரை கொண்டுவரலாம். 15க்குக் கீழே போனால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் ஆபத்து உண்டு. ஸ்டீயரிங்கை இடமும் வலமும் மெதுவாக ஆட்டிக்கொண்டே எடுத்தால் டயரின் ஓரம் புது மண்ணைப் பிடிக்கும்.

அப்போதும் நகரவில்லை என்றால் மண்வெட்டிப் பிடியை வண்டிக்கு அடியில் விட்டுப் பாருங்கள். ஆக்சிலோ சேஸியோ மண்ணில் உட்கார்ந்திருந்தால் டயர் என்ன செய்தும் பயனில்லை. அடியில் இருக்கும் மண்ணை வெட்டி எடுத்து, நான்கு டயருக்கும் முன்னால் சரிவாக வழி வெட்டி, சாக்கைப் போட்டு எடுங்கள். பத்து நிமிடம் வெட்டினால் முடிகிற வேலைக்குக் கயிறு எடுக்க வேண்டாம்.

### கயிறு கட்டியே ஆக வேண்டும் என்றால்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். மழை நாள் பயணத்தில் வண்டி கெட்டால் காசு போகும், கயிறு தெறித்தால் ஆள் போய்விடும்.

கட்டும் இடம் சேஸியில் போல்ட் செய்த கொக்கியாக இருக்க வேண்டும். பம்பர், ஸ்பிரிங் பட்டைகளின் ஷேக்கிள், ஸ்டீயரிங் ராடு எதிலும் கட்டக் கூடாது. டிரெய்லர் இழுக்கும் பால் இருக்கிறதே, அதில் ஒருபோதும் கட்டாதீர்கள். அது முறிந்தால் எதிர் வண்டியின் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும். கயிற்றைக் கொக்கியில் மாட்டும் இரும்பு வளையமான ஷேக்கிள் முக்கால் அங்குலம், 4.75 டன் என்று அதன் மேலேயே அச்சடித்தது வேண்டும். பெயர் தெரியாத ஹார்ட்வேர் கடைச் சரக்கு வேண்டாம். அதன் குறுக்கு ஆணியை முழுதாக முறுக்கிவிட்டுக் கால் சுற்றுத் திருப்பி விடுங்கள், இல்லாவிட்டால் அப்புறம் கழற்ற முடியாது.

ஓடி வந்து வெட்டி இழுப்பது நீளும் தன்மையுள்ள பட்டையில் மட்டும். ஸ்டீல் வயரிலோ சங்கிலியிலோ வெட்டி இழுத்தால் ஏதாவது ஒன்று அறும். பட்டை நீளம் போதவில்லை என்று நடுவில் இரும்பு ஷேக்கிள் போட்டு இரண்டை இணைக்காதீர்கள். கயிற்றின் நடுவில் நனைந்த சாக்கு அல்லது கால்மிதி ஒன்றைப் போடுங்கள், அறுந்தால் கீழே அமுக்கும். வேடிக்கை பார்ப்பவர்கள் கயிறு நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு தள்ளி நிற்க வேண்டும். சைகை காட்டுவது ஒரே ஆள். நாலு பேர் கை காட்டினால் ஓட்டுகிறவர் எதைப் பார்ப்பார்?

வின்ச் (வண்டியில் பொருத்திய, மோட்டாரால் கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி) என்றால் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கட்டும், இல்லாவிட்டால் பாட்டரி இறங்கிவிடும். டிரம்மில் ஸ்டீல் வயர் 5 சுற்றும், சிந்தெடிக் கயிறு 10 சுற்றும் மிச்சம் இருக்க வேண்டும். கப்பி ஒன்றை நடுவில் போட்டால் வேகம் பாதியாகும், இழுவை இரண்டு மடங்காகும். நம் மலைச் சேற்றுக்கு அதுதான் நல்லது.

வின்ச் கயிற்றைக் கட்ட மரத்தைத் தேர்ந்தெடுப்பதில் காப்பித் தோட்டத்துக்கென்று ஒரு கவனம் தேவை. நிழலுக்கு வைத்திருக்கும் கல்யாண முருங்கை பார்க்கப் பருமனாக இருந்தாலும் மெத்து மரம், வண்டியைத் தாங்காது. சில்வர் ஓக்கில் மிளகுக் கொடி ஏற்றியிருப்பார்கள். அதன் மேல் பட்டை சுற்றினால் அவர்கள் பல வருடம் வளர்த்த கொடி நசுங்கிப் போகும். பலா மாதிரி நல்ல வைரம் பாய்ந்த மரமாகப் பார்த்து, தோட்டக்காரரைக் கேட்டுவிட்டு, அகலப் பட்டையை அடிமரத்தில் சுற்றுங்கள். வெறும் வயரைச் சுற்றினால் மரப்பட்டை உரிந்து மரம் பட்டுவிடும். அனுமதி கொடுத்தவர் மனம் நோகாமல் இருந்தால்தான் அடுத்த மழைக்கும் அந்தப் பாதை நமக்கு உண்டு.

இரண்டு வண்டியும் ஒரு வின்ச்சும் சேர்ந்தும் அரை மணி நேரத்தில் அசையவில்லை என்றாலோ, வண்டி சரிவில் ஒருக்களித்துப் பள்ளத்தின் ஓரம் நின்றாலோ, ஆட்களை இறக்கிவிட்டுக் கிரேன் அல்லது டிராக்டருக்குச் சொல்லி அனுப்புங்கள்.

## அறிகுறி 2: ஏற்றத்தில் நின்றுவிட்டது, பின்னால் வழுக்குகிறது

இதில் யோசிக்க நேரம் கிடைக்காது. அதனால் முன்கூட்டியே மனதில் பதிய வேண்டும். கிளட்சை மிதித்தபடி பிரேக்கில் மட்டும் இறங்கினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி குறுக்கே திரும்பும். குறுக்கே திரும்பிய வண்டி உருளும்.

கால் பிரேக்கை முழுதாக அழுத்துங்கள். ஃபோர் லோவில் ரிவர்ஸ் போடுங்கள். கிளட்சை முழுதாக விடுங்கள். இப்போது பிரேக்கை மெல்லத் தளர்த்தினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கும். ஸ்டீயரிங் நேர். கண்ணாடியைப் பார்த்து வந்த தடத்திலேயே இறங்குங்கள். ஏற்றத்தின் நடுவில் வண்டியைத் திருப்ப முயல வேண்டாம்.

கீழே வந்தபின் காரணத்தைத் தேடலாம். கியர் உயரமாக இருந்ததா, காற்று இறக்கவில்லையா, முன் வண்டி உழுதுவிட்ட தடத்திலேயே ஏறினீர்களா? ஒரு முறை காற்றைக் குறைத்து, தடத்தில் இருந்து ஒரு டயர் அகலம் தள்ளி ஏறிப் பாருங்கள். மூன்றாவது முறையும் முடியவில்லை என்றால் மேலே நிற்கும் வண்டியில் இருந்து வின்ச் இறக்கச் சொல்லுங்கள். விடாமல் வேகம் எடுத்து ஏறியதில் ஸ்பிரிங் பட்டை முறிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

## அறிகுறி 3: ஓடையில் எஞ்சின் நின்றுவிட்டது

சாவியைத் தொடாதீர்கள்.

இந்த ஒரு வரியை மட்டுமாவது நினைவில் வையுங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் பிஸ்டன் அதை அமுக்க முடியாது. ஒரே ஒரு முறை செல்ஃப் அடித்தாலும் கனெக்டிங் ராடு வளையும். கையில் துணியும் ஸ்பானரும் வைத்து முடிக்கிற வேலை, அந்த ஒரு விநாடியில் எஞ்சினைப் பிரிக்கிற வேலையாகிவிடும். எங்கள் கூட வந்த நண்பர் ஒருவர் பதற்றத்தில் மூன்று முறை சாவியைத் திருப்பினார். அந்த வண்டி மறுபடி ரோட்டுக்கு வர நான்கு மாதம் ஆனது. அன்று நான் பக்கத்து இருக்கையில் இருந்தும் அவர் கையைப் பிடிக்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

முதலில் தண்ணீரைப் பாருங்கள். நிறம் திடீரென்று செந்நிறமாகி, இலையும் சுள்ளியும் மிதந்து வந்து, இரைச்சல் கூடினால் மேலே மலையில் கனமழை. காட்டாறு வருகிறது. வண்டியை விட்டுவிட்டு எல்லோரும் கரைக்கு ஏறுங்கள். வண்டியை அப்புறம் தேடிக்கொள்ளலாம்.

தண்ணீர் நிதானமாக இருந்தால், கியரை நியூட்ரலில் வைத்து, பட்டை கட்டி இழுத்துக் கரைக்குக் கொண்டுவந்து, பானெட்டைத் திறந்து ஏர் கிளீனர் பெட்டியைக் கழற்றுங்கள்.

### ஃபில்டர் காகிதம் காய்ந்திருக்கிறது

பெரும்பாலும் எஞ்சினுக்குள் தண்ணீர் போகவில்லை. பெட்ரோல் வண்டியில் பிளக் வயர், காயில், பழைய வண்டியானால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி இவற்றைக் கழற்றி உலர்ந்த துணியால் துடையுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உள்பக்கம் வியர்த்திருந்தாலே போதும், ஸ்டார்ட் ஆகாது. டீசல் வண்டியில் ஃபியூஸ் பெட்டி, ரிலே, பாட்டரி முனை ஆகியவற்றைத் துடைத்து மாட்டுங்கள். எஞ்சின் ஆயில் குச்சியையும் எடுத்துப் பாருங்கள். ஆயில் நிறம் மாறாமல், அளவு ஏறாமல் இருந்தால் ஒரு முறை செல்ஃப் அடிக்கலாம்.

### ஃபில்டர் நனைந்திருக்கிறது

பெட்ரோல் வண்டி என்றால், பொறுமையும் பிளக் ஸ்பானரும் இருந்தால் அங்கேயே ஒரு முயற்சி செய்யலாம். பெட்ரோல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்குங்கள், காயில் இணைப்பையும் கழற்றுங்கள். எல்லா பிளக்கையும் வெளியே எடுங்கள். கிராங்க் புல்லியை ஸ்பானரால் கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். தடங்கல் இல்லாமல் சுற்றினால் செல்ஃபைச் சிறிது அடியுங்கள். பிளக் துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சும், முகத்தைத் தள்ளி வையுங்கள். தண்ணீர் வருவது நின்றபின் எல்லாவற்றையும் உலர்த்தி மாட்டலாம். கையால் சுற்றும்போதே எங்காவது இடித்து நின்றால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்போதைய டீசல் வண்டியில் இது காட்டில் செய்கிற வேலை இல்லை. இன்ஜெக்டரைக் கழற்ற வேண்டியிருக்கும். தள்ளியோ இழுத்தோ ஸ்டார்ட் செய்யவும் கூடாது, செல்ஃப் அடிப்பதும் அதுவும் ஒன்றுதான். பிளாட்பெட் லாரியில் ஏற்றி மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

அடுத்த முறைக்கு ஒன்று. ஓடையில் இறங்கும் முன் ஒருவர் கம்போடு நடந்து பார்க்க வேண்டும். முழங்காலுக்கு மேல் இழுக்கிற தண்ணீரில் நாங்கள் இறங்குவதில்லை. புதிய மஹிந்திரா தார் வண்டிக்கு 650 மில்லிமீட்டர் வரை தண்ணீரில் போகலாம் என்கிறது நிறுவனத்தின் கணக்கு. அதை நான் நிற்கிற தண்ணீருக்கான அளவாக மட்டுமே எடுத்துக்கொள்கிறேன், ஓடுகிற தண்ணீருக்கு அல்ல.

## அறிகுறி 4: லிவர் ஃபோர் வீலில் இருந்து வெளியே வரவில்லை

தார் ரோட்டுக்கு ஏறியதும் ஸ்டீயரிங் கனக்கும், வளைவில் டயர் குதித்துக் குதித்து உரசும், லிவர் பசை போட்டது போல் ஒட்டிக்கொள்ளும். முன், பின் ஆக்சில்கள் வேறு வேறு வேகத்தில் சுற்ற நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாத வண்டியைப் பிடிமானமுள்ள ரோட்டில் ஃபோர் வீலிலேயே வளைத்ததால் உள்ளே முறுக்கு ஏறியிருக்கிறது.

லிவரை உதைக்காதீர்கள். ஸ்டீயரிங்கை நேராக்கி, ஐந்து முதல் பத்து மீட்டர் நேராக ரிவர்ஸ் எடுங்கள். எடுத்துக்கொண்டிருக்கும்போதே, காலை லேசாக ஆக்சிலரேட்டரில் இருந்து தளர்த்தி, லிவரை டூ ஹைக்குத் தள்ளுங்கள். வரவில்லை என்றால் இரண்டு சக்கரத்தை ரோட்டோர மண்ணில் விட்டு முன்னும் பின்னும் ஓட்டுங்கள். பெரும்பாலும் இங்கேயே முறுக்கு இறங்கிவிடும்.

லிவர் டூ ஹைக்கு வந்தும் கனம் குறையவில்லையா? அல்லது உள்ளிருந்து கட் கட் என்று பல் சத்தம் வருகிறதா? அதற்கு மேல் ஓட்டாமல் மெக்கானிக்கை அழையுங்கள்.

## அறிகுறி 5: மழையிலும் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது

மழையில் குளிர்ந்துதானே இருக்கும் என்று நினைத்து யாரும் முள்ளைப் பார்ப்பதில்லை. ஓடை தாண்டும்போது சிலர் கிரில்லின் மேல் தார்ப்பாய் கட்டுவார்கள். அதை அவிழ்க்க மறந்து இரண்டு கிலோமீட்டர் ஏறியிருப்பார்கள். முதலில் அதைப் பாருங்கள்.

அடுத்து ரேடியேட்டரின் முகம். களி பூசிக்கொண்டு காற்றுப் போக வழியில்லாமல் இருக்கும். எஞ்சினை நிறுத்தி ஆற விட்டு, ஃபேன் இருக்கும் பக்கத்தில் இருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். முன்னாலிருந்து பீய்ச்சினால் சேறு உள்ளேதான் போகும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

அப்புறம் பெல்ட் நனைந்து வழுக்குகிறதா, எலக்ட்ரிக் ஃபேனின் ஃபியூஸ் போயிருக்கிறதா, ஹோஸில் கசிவு இருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். வெளியே எங்கும் கசிவே இல்லாமல் கூலன்ட் குறைந்துகொண்டே வந்து, புகைபோக்கியில் வெள்ளைப் புகை விடாமல் வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அந்த வண்டியை இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

## அறிகுறி 6: கருகல் வாசனை

கிளட்ச். நியூட்ரலில் போட்டு, எஞ்சினை ஓட விட்டு, அரை மணி நேரம் அந்தப் பெடலைத் தொடாதீர்கள். ஆறியபின் பெரும்பாலும் சரியாகிவிடும். ஃபோர் ஹையில் (நான்கு சக்கரமும் இழுக்கும் வேகமான நிலை) ஏற்றம் ஏறியது, ஆஃப் கிளட்சில் நின்றது, பெடலின் மேலேயே கால் வைத்து ஓட்டியது என்று இதற்குக் காரணம் எப்போதும் ஓட்டும் விதத்தில்தான் இருக்கும். ஃபோர் லோவுக்கு மாறுங்கள்.

சமவெளிக்கு வந்து டாப் கியரில் மிதிக்கும்போது சத்தம் கூடி வேகம் கூடவில்லை என்றால் பிளேட் தேய்ந்துவிட்டது. அதை மாற்றாமல் அடுத்த பயணத்துக்கு வராதீர்கள்.

## அறிகுறி 7: பிரேக் பிடிக்கவில்லை, அல்லது உரசுகிறது

ஓடை தாண்டிய உடனே பிடிக்காததற்குக் காரணம் ஈரம். இடது காலால் பிரேக்கை லேசாக அழுத்தியபடி ஐம்பது அடி ஓட்டினால் காய்ந்துவிடும். கரகர சத்தம் வந்தால் டிஸ்கிற்கும் தகட்டுக்கும் நடுவில் பொடிக்கல் இருக்கும். முன்னும் பின்னும் நகர்த்தினால் விழுந்துவிடும், இல்லாவிட்டால் சக்கரத்தைக் கழற்றித் தட்டுங்கள். பின் டிரம்முக்குள் சேறு போயிருந்தால் டிரம்மைக் கழற்றிக் கழுவுவதைத் தவிர வழியில்லை. அப்படியே ஓட்டினால் லைனிங்கும் டிரம்மும் சேர்ந்து தேயும்.

பெடல் மெத்தென்று உள்ளே போகிறதா? குனிந்து நான்கு சக்கரத்தின் உள்பக்கமும் பாருங்கள். குச்சியோ கல்லோ பிரேக் குழாயைக் கிழித்திருந்தால் ஆயில் வழிந்திருக்கும். பெடல் தரை வரை போனால் அந்த வண்டி மலையில் இருந்து தானாக இறங்கக் கூடாது. ஃபோர் லோவில் முதல் கியர் போட்டு மெதுவாக இறங்கிவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. தோட்டப் பாதையில் ஒரு பர்லாங்கு சமதளத்துக்கு அது சரி. கொண்டை ஊசி வளைவுகளும் எதிரே பஸ்ஸும் வரும் ரோட்டுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். பிளாட்பெட் வரும்வரை காத்திருங்கள்.

சேற்றில் ஓடிய வண்டியை அன்றிரவு ஹேண்ட் பிரேக்கில் விட்டால் காலையில் பிடித்துக்கொள்ளும். கியரில் போட்டுக் கல் கொடுத்து நிறுத்துங்கள்.

## அறிகுறி 8: தார் ரோட்டில் வண்டி நடுங்குகிறது

வத்தலக்குண்டில் இருந்து செம்பட்டி ரோட்டில் அறுபதைத் தொட்டதும் ஸ்டீயரிங் உதறும். பயப்பட வேண்டாம். ரிம்மின் உள்பக்கம் சேறு அப்பிச் சக்கரம் ஒருபக்கம் கனத்துவிட்டது. காயும் முன்னே குச்சியால் சுரண்டிக் கழுவுங்கள். காற்றையும் இங்கேயே நிரப்பிவிடுங்கள், 18 பிஎஸ்ஐயில் தார் ரோட்டில் வேகமாகப் போனால் டயர் சூடேறி வெடிக்கும்.

கழுவியபின்னும் நடுக்கம் நிற்கவில்லை என்றால் வீல் நட், ஸ்பிரிங் பட்டையின் யூ போல்ட், டை ராடு முனை என்று ஒவ்வொன்றையும் ஆட்டிப் பாருங்கள். நட்டை முறுக்கலாம். டை ராடு முனையில் ஆட்டம் தெரிந்தால் நாற்பதுக்கு மேல் போகாமல் நேராகப் பட்டறைக்குப் போங்கள்.

## அறிகுறி 9: டாஷ்போர்டில் விளக்கு

ஏபிஎஸ், இஎஸ்பி விளக்குகள் சேர்ந்து எரிந்தால், சக்கரத்தின் உள்பக்க சென்சாரில் சேறு இருக்கும். கழுவிவிட்டுச் சிறிது தூரம் ஓட்டினால் அணையும். பாட்டரி விளக்கு எரிந்தால் பெல்ட் வழுக்குகிறதா என்று பாருங்கள். பெல்ட் இறுக்கமாக இருந்தும் எரிந்தால் ஆல்டர்னேட்டருக்குள் சேறு. ஏசி, மியூசிக், கூடுதல் விளக்குகளை அணைத்து, எஞ்சினை நிறுத்தாமல் ஊருக்கு வந்துவிடுங்கள்.

பிஎஸ் 6 டீசல் வண்டிகளில் நாள் முழுக்க ஃபோர் லோவில் ஊர்ந்தால் டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி) விளக்கு வரும். புகைக்கரியை எரிக்க எஞ்சினுக்குச் சூடு போதவில்லை என்று அர்த்தம். மலை இறங்கும்போது அது சரியாகாது, எஞ்சினுக்கு அப்போது வேலையே இல்லை. கீழே சமவெளியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் கால் மணி நேரத்துக்கு மேல் விடாமல் ஓட்டுங்கள். விளக்கு அணையாமல் இழுவையும் குறைந்தால் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும்.

## அறிகுறி 10: கண்ணாடியில் பனி படர்கிறது

ஏசியைப் போட்டு, வெளிக்காற்று வருமாறு மாற்றி, கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள். துணியால் துடைத்துக்கொண்டே ஓட்ட வேண்டாம்.

## அறிகுறி 11: மறுநாள், ஆயில் பால் டீ நிறத்தில் இருக்கிறது

வீட்டுக்கு வந்ததும் பலர் வண்டியின் மேலே மட்டும் கழுவி முடித்துவிடுகிறார்கள். ஓடையில் இறங்கிய வண்டிக்கு மறுநாள் வேலை அடியில் இருக்கிறது.

மலை ஏறிச் சூடாக இருந்த டிஃபரன்ஷியல் ஹவுசிங் திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகவும் பிரீதர் (உள்ளே காற்று போய்வரும் சிறு குழாய்) வழியாகவும் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். முன், பின் ஹவுசிங், டிரான்ஸ்ஃபர் பாக்ஸ், கியர் பாக்ஸ் என்று ஒவ்வொன்றின் நிரப்பும் பிளக்கையும் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். தேன் மாதிரியோ கறுப்பாகவோ இருந்தால் மூடிவிடலாம். பால் டீ மாதிரி இருந்தால் அன்றே வடித்துப் புது ஆயில் ஊற்றுங்கள். அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பேரிங் துருப்பிடித்து உறும ஆரம்பிக்கும். சிறிது ஓட்டிவிட்டு மறுபடி திறந்து பாருங்கள். இன்னும் லேசாக வெளுத்திருந்தால் இரண்டாவது முறையும் மாற்ற வேண்டும்.

பிரீதர் குழாய் கழன்றோ அடைத்தோ இருக்கிறதா என்று பாருங்கள். மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றைச் சேர்த்து பானெட் உயரத்துக்கு ஏற்றிக் கட்டிவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு நின்றுவிடும். புரொப்பெல்லர் ஷாஃப்ட் முனையில் இருக்கும் யூ ஜாயின்ட் கிராஸில் பழைய கிரீஸ் பிதுங்கி வரும்வரை புது கிரீஸ் அடியுங்கள். முன் சக்கரத்தின் பேரிங்கையும் பிரித்துப் பார்ப்பது நல்லது.

புது ஆயில் மாற்றி, பிரீதரும் சரியாக இருந்து, தண்ணீரில் இறங்காமலே மறுபடி பால் நிறம் வந்தால் சீல் போயிருக்கிறது. எஞ்சின் ஆயில் பால் நிறத்தில் இருந்தால் அது வேறு விஷயம். அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள்.